பர்கண்டியரும் சீனிப் போத்தலும்

டென்மார்க்கில் இதுவரை கால் வைத்த அத்தனை தமிழர்களிலும், தேசிக்காய்த் தண்ணீரைச் சட்டவிரோதம் என்று அறிவித்தவர் ஒரே ஒருவர்தான். அவருடைய ஞானஸ்நானப் பெயர் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் கிரின்ஸ்டெட் ஊரில் அவரோடு ஒரே அகதி வீட்டில் இருந்தவர்களே ‘அது ஆர்?’ என்று கேட்பார்கள். எங்களுக்கு அவர் பர்கண்டியர்.

மன்னார்க்காரர். நாற்பது வயது. டென்மார்க்குக்கு வருமுன் பிரான்சில் இரண்டு இலையுதிர்காலங்கள், அதாவது 1983இலும் 1984இலும், பர்கண்டிப் பகுதியில் போன் என்ற நகரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் திராட்சை பறித்தவர். பிரான்சில் தோட்ட வேலை செய்தவர்கள் எல்லோரும் முதுகுவலியோடு வந்தார்கள். இவர் முதுகுவலியோடு ஒரு முழுச் சட்டக்கோவையையும் தலைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். தோட்டத்து முதலாளிக் கிழவர் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பாணும் சீஸும் கொடுத்துவிட்டு, வைன் செய்வதற்கான விதிகளை ஒப்புவிப்பாராம். மற்றவர்கள் பாணைப் பார்த்தார்கள். இவர் கிழவரின் வாயைப் பார்த்தார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது 1984 என்று அந்த வீட்டில் என்னோடு இருந்த யோகன் இன்றைக்கும் வாதிடுவான். தவறு. 1985 மார்ச். பனி உருகி வாசலில் சேறு நின்றது. அந்தச் சேற்றில் அவர் தன் பெட்டியை வைக்க மறுத்ததை என் கண்ணால் கண்டேன். காரணம் பிறகு தெரிந்தது. பெட்டிக்குள் ஈரக் காலுறை ஒன்றில் சுற்றி, ஒரு சாண் நீளத்தில் ஒரு குச்சி இருந்தது. பினோ நுவார் என்ற திராட்சைக் கொடியின் துண்டு.

“பர்கண்டியிலை சிவப்பு வைன் எண்டால் இது ஒண்டுதான்,” என்றார். “வெள்ளை எண்டால் சார்தொனே. நினைச்சதையெல்லாம் போட்டுப் பிழிய அது என்ன சாம்பாறே?”

யோகன் கோப்பாய்க்காரன். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, ஓய்வு நேரத்தில் அடுத்தவரைச் சீண்டுவது. அவன் குச்சியை வாங்கி முகர்ந்து பார்த்தான். “அண்ணை, காலுறைதான் மணக்குது.”

தேசிக்காய் விவகாரம் அடுத்த கிழமை நடந்தது. கடையில் மஞ்சள் தேசிக்காய் வாங்கிவந்து குசினியில் பிழிந்துகொண்டிருந்தேன். பர்கண்டியர் வாசலில் வந்து நின்றார்.

“புளி விட்டாச்சோ?”

“ஓம் அண்ணை.”

“அப்ப ஏன் கையிலை சீனிப் போத்தல்?”

விதி இதுதான். வெயில் குறைந்த ஆண்டில் பிழிந்த சாற்றுக்கு அளவோடு சீனி சேர்க்கலாம். பர்கண்டிச் சட்டம் இடம் கொடுக்கிறது. வெயில் மிஞ்சிய ஆண்டில் புளிப்புச் சேர்க்கலாம். அதற்கும் இடம் உண்டு. ஒரே வைனில் இரண்டையும் சேர்க்க முடியாது.

“ஒண்டில் சீனி, இல்லாட்டில் புளி. ரெண்டும் போட்டால் மோசடி.”

“அண்ணை, இது தேசிக்காய்த் தண்ணி.”

“தேசிக்காயிலை துவங்கிறவன்தான் பிறகு வைனிலை கை வைப்பான்.”

சீனிப் போத்தல் என் கையிலிருந்து போய், அலுமாரியின் மேல்தட்டில் ஏறியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் புளிப்பானதைப் புளிப்பாகவே குடித்தோம்.

சமையலும் தப்பவில்லை. பர்கண்டியில் வைனுக்கு நாலு படிகள்: அடியில் பிராந்தியத் தரம், அதற்கு மேல் கிராமத் தரம், அதற்கு மேல் பிரமியே குரூ, உச்சியில் கிராண்ட் குரூ. இந்த ஏணியை அவர் எங்கள் அடுப்படியில் சாத்தினார். என்னுடைய சோறு கிராமத் தரம். யோகன் பருப்பு வைத்த நாளில் ஒரு கரண்டி வாயில் போட்டு, கண்ணை மூடி, நெடுநேரம் யோசித்தார்.

“பிராந்தியத் தரம்.”

“எந்தப் பிராந்தியம் அண்ணை?”

“அதுதான் பிடிபடேல்லை.”

“அப்ப கிராண்ட் குரூ ஆருக்கு?”

“கிராண்ட் குரூ ஒண்டுதான் இருக்கு. என்ரை திரேசா வைக்கிற நண்டுக்கறி. அது மன்னாரிலை இருக்கு.”

அதைச் சொன்னபோது மட்டும் அவர் குரலில் சட்டம் இல்லை. திரேசா அவர் மனைவி. அவரை டென்மார்க்குக்கு அழைப்பதற்கான பத்திரங்கள் கோப்பன்ஹேகனில் ஏதோ ஒரு மேசையில் கிடந்தன.

குச்சியின் இரகசியமும் அப்போதுதான் வெளிவந்தது. திரேசா பத்திரமாக வந்து சேர்ந்தால் மடு மாதாவின் திருநாள் பூசைக்குத் தன் கையால் செய்த திராட்சை இரசம் கொடுப்பதாக அவர் நேர்த்தி வைத்திருந்தார்.

“நேர்த்தி எண்டால் காரியம் முடிஞ்சாப் பிறகுதானே குடுக்கிறது?” என்றான் யோகன்.

“வைன் ஒரு நாளிலை வராது. அவள் வந்தாப் பிறகு துவங்கினால் மாதாவைக் காக்க வைச்ச மாதிரிப் போகும்.”

“அப்ப மாதாவுக்கு அட்வான்ஸ் குடுக்கிறியள்.”

“வாயைப் பொத்தடா, கமே!”

கமே என்பது அவருடைய உச்சக்கட்ட வசவு. அதுவும் ஒரு திராட்சை. 1395இல் பர்கண்டியை ஆண்ட கோமகன், அது தரங்கெட்டது, நம்பிக்கைத் துரோகம் செய்வது என்று சொல்லி அந்தக் கொடியைப் பிடுங்கி எறிய ஆணையிட்டானாம். இதைப் பிறகு ஒரு நூலகத்தில் சரிபார்த்தேன்; ஆண்டு உட்பட எல்லாம் சரி. யோகன் ஒருநாள் கேட்டான்:

“துரத்தினாப் பிறகு அந்தக் கமே எங்கை போச்சுது?”

“தெற்காலை. பொஜொலேக்கு. அங்கை நல்லா இருக்கு.”

“அப்ப அதுக்கு அசைலம் கிடைச்சிட்டுது.”

பர்கண்டியர் அன்று சிரித்ததை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

குச்சியை நட இடம் தேட வேண்டியிருந்தது. சரிவான நிலத்தில், அதுவும் சரிவின் நடுப்பகுதியில்தான் நல்ல கொடி வளரும் என்பது கிழவர் வாக்கு. கிரின்ஸ்டெட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு பந்தை நிலத்தில் வைத்தால் அடுத்த நாளும் அதே இடத்தில் இருக்கும். சைக்கிளில் இரண்டு கிழமை அலைந்து ஊரின் ஒரே சரிவைக் கண்டுபிடித்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், பிள்ளைகள் குளிர்காலத்தில் பனியில் சறுக்கி விளையாட நகரசபை குவித்த மண்மேடு. தெற்குப் பக்கம், நடுச்சரிவில், தன் பினோ நுவாரை நட்டார்.

தண்ணீர் விடவில்லை. பர்கண்டியில் கொடிக்கு நீர்ப்பாய்ச்சத் தடை. மழையை அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் குச்சி மே மாதத்தில் இரண்டு இலை விட்டது. அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். யோகன்கூடக் குனிந்து இலையை எண்ணினான். ஜூன் முதற் கிழமை நகரசபையின் புல்வெட்டி யந்திரம் வந்தது.

வெட்டுண்ட குச்சிக்குப் பக்கத்தில் மேட்டில் இருந்த பர்கண்டியரைக் கூட்டிவரப் போனோம். “நகரசபையே கமே,” என்றார்.

அந்த வேளையில்தான் பௌல் கதைக்குள் வருகிறார். அடுத்த வீட்டுக்காரர், பால்வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர், தனிமனிதர். ஊர்ப் பழவைன் கழகத்தில் பெரிய கை. அந்தக் காலத்து டென்மார்க்கில் வீட்டுக்கு வீடு பழவைன் காய்ச்சுவார்கள். வளைந்த குழாய் பொருத்திய கண்ணாடிக் குடம் இல்லாத நிலவறை அபூர்வம். பௌல் சொல்பேர் என்ற கறுப்புப் புதர்ப்பழத்திலும், ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டிலும், ஒருமுறை கரட்டிலும்கூட வைன் செய்தவர். அவருடைய முறையில் விதி ஒன்றே ஒன்று: சீனியைக் கொட்டு. அவர் வீட்டுக் கண்ணாடித் தோட்டக்கூடத்தில் ஒரு திராட்சைக் கொடி இருந்தது. மேசையில் வைத்துத் தின்னும் சாதாரண நீலத் திராட்சை, பிராங்கன்தாலர் என்று பெயர்.

பர்கண்டியர் அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று மூன்று நாள் பார்த்தார். பினோ நுவார் இல்லை. சட்டப்படி அது வைனே ஆகாது. ஆனால் திருநாள் பூசைக்குத் திராட்சை வேண்டும், ஊரில் வேறு திராட்சைக் கொடி இல்லை. நாலாம் நாள் கதவைத் தட்டினார்.

அவர்களுக்கிடையே நடந்ததெல்லாம் உடைந்த டேனிஷில், தமிழில் தருகிறேன்.

“உங்கள் திராட்சையை எனக்குத் தருவீர்களா?”

“எடுத்துக்கொள்.”

“இனித் தண்ணீர் விடாதீர்கள்.”

“ஏன்?”

“சட்டம்.”

பௌல் யோசித்தார். அந்த யூலாந்துப் பகுதிக்காரர்கள் எதற்கும் அவசரப்படுவதில்லை. “கண்ணாடிக்குள் மழை பெய்யாது,” என்றார்.

நியாயமான பேச்சுதான், கிழவரின் சட்டத்தில் கண்ணாடிக்கூடம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அந்தக் கோடை முழுவதும் பர்கண்டியர் எங்கள் குசினி யன்னலிலிருந்து காவல் இருந்தார். பௌல் முதுகுக்குப் பின்னால் பூவாளியை மறைத்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைவார். இவர் ஓடுவார். அவர் பூவாளியைத் தக்காளிப் பக்கம் திருப்பிவிட்டு வானத்தைப் பார்ப்பார்.

ஓகஸ்ட்டில் இன்னும் மோசமான ஒன்று நடந்தது. கொடி நிறையக் காய்த்தால் வைன் தரம் இறங்கும், ஆகவே விளைச்சலுக்கு வரம்பு உண்டு என்பதும் பர்கண்டி விதி. ஒருநாள் காலை பர்கண்டியர் கத்தரிக்கோலோடு போய், பௌல் கடையிலிருந்து திரும்பி வருவதற்குள், பச்சைக் குலைகளில் பாதியை வெட்டி நிலத்தில் போட்டுவிட்டார்.

பௌல் வந்தார், பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். யாரோ இறந்துவிட்டதைப்போல நின்றார்.

“நான் பொலிசைக் கூப்பிடலாம்,” என்றார் மெதுவாக.

யோகன் என் காதுக்குள், “அண்ணையைத் திருப்பி அனுப்பினால் பிரான்சுக்கோ, மன்னாருக்கோ?” என்றான். நான் ஓடிப்போய், எனக்குத் தெரிந்த டேனிஷில் மடு மாதா, நேர்த்தி, மன்னார், மனைவி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பௌல் லூத்தரன் சபைக்காரர். மாதாவுக்கு நேர்த்தி வைப்பதெல்லாம் அவருக்குப் புதிது. மனைவி என்ற இடத்தில் தலையை நிமிர்த்தினார். அவருடைய மனைவி இறந்து அப்போது இரண்டு வருடம். தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் பெரிய கண்ணாடிக் குடம்.

ஒக்டோபரில் பறித்தோம். நகரசபை தந்த பழைய குழந்தைக் குளியல் தொட்டியில் மிதித்தோம். மிதிப்பதற்கு யோகன் தெரிவுசெய்யப்பட்டான். மூன்றுமுறை சவர்க்காரம் போட்டுக் காலைக் கழுவவைத்து, பர்கண்டியர் குனிந்து பரிசோதித்தார்.

“பிராந்தியத் தரம். சரி, இறங்கு.”

சாறு புளித்தது. வட கடலுக்குப் பக்கத்துக் கண்ணாடிக்கூட வெயிலில் வேறென்ன வரும்? பர்கண்டியர் கலங்கவில்லை, வெயில் குறைந்த ஆண்டு, சீனி போடலாம், சட்டம் இருக்கிறது. அலுமாரியின் மேல்தட்டிலிருந்து சீனிப் போத்தல் இறங்கியது. பௌல் வேலிக்கு மேலால் முழு மூடையையே நீட்டினார். போடுமுன் பர்கண்டியர் ஒரு பேச்சுக்கு, பக்கத்து நகரத்திலிருந்து எங்களுக்குப் பூசை வைக்க வரும் டேனிஷ் சுவாமியாரிடம் தொலைபேசியில் கேட்டார்.

சுவாமியார் சொன்னார்: பூசைக்குரிய இரசம் திராட்சையிலிருந்து மட்டும் வர வேண்டும். சீனி கூடாது. கெட்டுப்போயிருக்கவும் கூடாது.

பர்கண்டியர் தொலைபேசியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவருக்கு இரண்டு சட்டங்கள் கிடைத்திருந்தன.

“பர்கண்டி போடலாம் எண்டுது. ரோமாபுரி போடக்கூடாது எண்டுது.”

“டென்மார்க் என்ன சொல்லுது அண்ணை?” என்றான் யோகன்.

வேலியில் பௌல் சீனி மூடையோடு நின்றார். பர்கண்டியர் எழுந்து போய், மூடையை அவர் பக்கமே மெதுவாகத் தள்ளிவிட்டார். சீனிப் போத்தல் மறுபடியும் மேல்தட்டுக்குப் போனது.

அந்தக் குளிர்காலம் கொடுமையானது. குடத்துக்குச் சூடு வேண்டும் என்று அதைத் தன் அறைக்குள் கொண்டுபோய், தன் இறகுப் போர்வையைச் சுற்றிவிட்டு, அவர் கோட்டோடு படுத்தார். குழாய் வழியே ‘புளுக்’ என்று ஒரு குமிழி வந்தால் அன்று முகம் மலரும். வராவிட்டால் எங்கள் பருப்புக்கு ஒரு படி இறங்கும்.

1986 பெப்ரவரியோடு மன்னாரிலிருந்து கடிதம் நின்றது. மார்ச் போனது. ஏப்ரல் வந்தது. போர் நடக்கும் அங்கே என்ன நடக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பர்கண்டியர் தரம் போடுவதை நிறுத்திவிட்டார். யோகன் ஒருநாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் பருப்பு வைத்தான். அதையும் சாப்பிட்டு முடித்தார்.

“தம்பி,” என்றார் என்னிடம், “வைன் மணக்கிற மணம் மாறியிருக்கு. புளிச்சு வினாகிரியாய்ப் போச்சுதோ தெரியேல்லை. வினாகிரி எண்டால் மாதா ஏலாது எண்டிட்டா எண்டுதான் அர்த்தம்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. ருசி பார்த்தால் தெரியும்தானே.”

“எனக்குப் பயமாய்க் கிடக்கு.”

ஆகவே சுவாமியாரை வரவழைத்தோம். மே மாதம், ஒரு சனிக்கிழமை. குசினி மேசையில் நாலு சின்னக் கிளாஸ். சுவாமியார், பௌல், யோகன், நான். பர்கண்டியர் குடிக்கவில்லை, சுவரோடு நின்றார்.

முதலில் பௌல் ஒரு மிடறு குடித்தார். யூலாந்தில் ஒன்று மிக நன்றாக இருந்தால் ‘அவ்வளவு மோசமில்லை’ என்பார்கள்; அதுதான் அங்கே உச்சப் புகழ். பௌல் நீண்டநேரம் யன்னலைப் பார்த்தார்.

“ஈரமாக இருக்கிறது,” என்றார்.

யோகனுடைய ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. என் பற்கள் எல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு அறிமுகமாயின. சுவாமியார் வாயில் வைத்தார். தோள்கள் இரண்டும் காதுவரை எழுந்து இறங்கின. விழுங்கினார். இன்னொரு மிடறு குடித்தார். அந்த மனிதரின் தியாகத்தை நான் மறக்கவில்லை. கிளாஸை மேசையில் வைத்தார்.

“வினாகிரி இல்லை. இது வைன்.”

பர்கண்டியர் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார்.

“நல்ல வைன் என்று நான் சொல்லவில்லை,” என்றார் சுவாமியார் அவசரமாக. “வைன்.”

பர்கண்டியருக்கு அது போதும். அன்றே போத்தல்களில் அடைத்தார். மேலே ஒட்டிய துண்டில் பர்கண்டி என்று எழுதவில்லை, பினோ நுவார் என்று எழுதவில்லை, அவை பொய். ‘திராட்சை இரசம்’ என்று மட்டும் எழுதினார். ஜூனில் கோப்பன்ஹேகனிலிருந்து அனுமதி வந்தது. கடிதங்கள் நின்ற காரணம் திரேசா கொழும்புக்கு இடம் மாறியிருந்ததும், அங்கிருந்து போட்டவை வழியில் தொலைந்ததும்தான். ஜூலை நடுப்பகுதியில் பில்லுண்ட் விமான நிலையத்தில் ஒரு சின்ன உருவம், கோடைக்காலத்தில் இரண்டு சுவெட்டர் போட்டபடி வெளியே வந்தது. பௌலின் காரில்தான் போயிருந்தோம். பர்கண்டியர் காலையிலிருந்து ஒத்திகை பார்த்த வசனங்கள் எல்லாம் காணாமற்போய், “குளிருதோ?” என்று மட்டும் கேட்டார்.

ஆவணித் திருநாள் பூசையில், டென்மார்க்கின் பல ஊர்களிலிருந்தும் வந்த தமிழர்கள் முன்னால், சுவாமியார் அந்த இரசத்தைப் பருகினார். தோள்கள் எழும்பவில்லை. பழகியிருக்க வேண்டும்.

பூசை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பாடு. எஸ்பியர் துறைமுகத்து நண்டில் திரேசா கறி வைத்திருந்தார். பௌல் மூன்றாந்தரம் வாங்கிச் சாப்பிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய, “அவ்வளவு மோசமில்லை” என்றார். யோகன் தருணம் பார்த்திருந்தான்.

“அண்ணை, இது மன்னாரிலை வைச்ச கறி இல்லையே. இடம் மாறினால் தரம் போச்சுதெண்டு சட்டம் இருக்கெல்லோ?”

பர்கண்டியர் நண்டுக்கால் ஒன்றைக் கடித்து உடைத்தார். “மேன்முறையீட்டிலை கிடக்கு,” என்றார்.

மிஞ்சியிருந்த கடைசிப் போத்தலைத் திறந்து, மனைவிக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். தன் கையால் செய்தது. ஒரு குளிர்காலம் முழுவதும் போர்வை போர்த்தி வளர்த்தது. திரேசா ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கியது.

“இஞ்சேருங்கோ, இது புளிக்குது!”

எழுந்து அலுமாரியைத் திறந்தார். மேல்தட்டில் கையை விட்டார். சீனிப் போத்தல் இறங்கியது. ஒரு கரண்டி. இரண்டாவது கரண்டி. யோகன் மெல்லுவதை நிறுத்தினான். பௌல் கையிலிருந்த நண்டைக் கீழே வைத்தார். நான் பர்கண்டியரைப் பார்த்தேன்.

அவர் கிளாஸை எட்டிப் பார்த்தார். பிறகு கரண்டியைத் திரேசா பக்கம் நகர்த்தினார்.

“அடியிலை நிக்குது,” என்றார். “நல்லாக் கலக்கு.”

பர்கண்டியரும் திரேசாவும் அடுத்த வருடம் விபோர்க் நகரத்துக்குக் குடிபோனார்கள். இப்போதும் வீட்டில் தேசிக்காய் பிழிந்துவிட்டுச் சீனியை எடுக்கும்போது ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்க்கிறேன். யாரும் இல்லை. அவர் அங்கே நின்று ஒரு அதட்டல் போட்டால் நன்றாக இருக்கும்.